வாலைக் காட்டுங்க, அப்புறம் வாளைப் பார்ப்போம்

போன வருஷக் கலைவிழாவுல தமிழ் மன்றம் போட்ட மருது பாண்டியர் நாடகத்தைப் பார்த்தவங்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்கலாம். கடைசிச் சண்டையில கும்பினி அதிகாரி வாளே எடுக்க மாட்டார். அட்டையில செஞ்ச கைத்துப்பாக்கியை மட்டும் நீட்டிட்டு நிப்பார். "வெள்ளைக்காரனுக்கு வாள் வாங்கக்கூட பட்ஜெட் இல்லையா?"ன்னு மெக்கானிக்கல் பசங்க கத்துனது எங்களுக்கும் கேட்டுச்சு.

வாள் வாங்கியிருந்தோம். ரெண்டு நாள் முன்னாடி ஒத்திகையில அது முறிஞ்சு போச்சு. கைப்பிடி நடிச்சவன் கையிலயே இருந்துச்சு, அலகு மட்டும் கழண்டு சுத்திக்கிட்டே பறந்து, ஓரமா உட்கார்ந்து வசனம் படிச்சிட்டிருந்த முதலாமாண்டு தங்கச்சி ஒருத்தியோட பையில போய் விழுந்துச்சு. பை கிழிஞ்சுது. அவ அரை அடி தள்ளி உட்கார்ந்திருந்தா. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வாளை ஆன்லைன்ல தேடி ஆர்டர் போட்டது நான். அதனாலதான் இந்தக் கட்டுரை. இந்த வருஷம் நாடகத்துக்கு ஒரு சேபரை நானே வீட்டுல செய்றேன். முழுசா இல்ல. அலகை வாங்கிட்டு, கைப்பிடி, கைக்காப்பு, உறை எல்லாத்தையும் நான் பண்றேன். அலகைத் தேடவே நாலு மாசம் ஆச்சு. அந்த நாலு மாசத்துல தெரிஞ்சுக்கிட்டதைத்தான் சொல்லப் போறேன். நீங்க வாள் செய்யலைன்னாலும் மெட்டீரியல் சயின்ஸ் பேப்பர்ல படிச்சதெல்லாம் எங்க உதவும்னு தெரிஞ்சுக்கலாம்.

முதல்ல, முறிஞ்சது எப்படின்னு பார்ப்போம். கைப்பிடியைப் பிளந்து பார்த்தேன். அலகு கைப்பிடிக்குள்ள போற பகுதிக்கு இங்கிலீஷ்ல டேங்னு பேரு. நான் வால்னே சொல்றேன். இந்த வாளுக்கு வாலே கிடையாது. அலகு கைக்காப்போட முடிஞ்சிடுது. அங்க ஒரு எம்6 திருகுக் கம்பியை வெல்டு வச்சு, கைப்பிடிக்குள்ள விட்டு, பின்னாடி குமிழுக்குள்ள நட்டு போட்டு முறுக்கியிருக்காங்க. முறிஞ்சது சரியா வெல்டு ஓரத்துல. முறிஞ்ச பரப்புல பாதி பழுப்பா, லேசா துரு ஏறி இருந்துச்சு. மீதிப் பாதி புதுசா பளபளன்னு. இதோட அர்த்தம் புரியுதா? விரிசல் அன்னைக்கு வந்ததில்ல. முன்னாடியே பாதி தூரம் போய் நின்னிருக்கு. மிச்சப் பாதிதான் அன்னைக்குப் போச்சு. ஃபடீக் பாடத்துல சார் போர்டுல வரைஞ்ச அதே படம், என் உள்ளங்கையில.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. எதிராளியோட அடி, பிடியிலிருந்து 50 செ.மீ தள்ளி அலகு மேல விழுதுன்னு வைங்க. பத்து கிலோ எடைக்குச் சமமான விசை, அதாவது 100 நியூட்டன். பிடிகிட்ட வர்ற வளைவுத் திருப்பம் 50 நியூட்டன் மீட்டர். எம்6 திருகோட அடிப்பள்ளத்துல விட்டம் 4.8 மி.மீ கூட வராது. செக்ஷன் மாடுலஸ் போட்டா சுமார் 11 கன மி.மீ. வகுத்துப் பாருங்க, 4,500 மெகாபாஸ்கல் வருது. உலகத்துல எந்தத் திருகும் தாங்காது. மரக் கைப்பிடி கொஞ்சத்தை வாங்கிக்கும், அதனாலதான் முதல் அடியிலயே போகாம மூணு வாரம் ஒத்திகைக்குத் தாக்குப்பிடிச்சுது. அதே இடத்துல 20 மி.மீ உயரம், 6 மி.மீ தடிமன்ல அலகோட ஒரே இரும்பா வால் இருந்திருந்தா செக்ஷன் மாடுலஸ் 400. அழுத்தம் 125 மெகாபாஸ்கல். 35 மடங்குக்கு மேல வித்தியாசம், அதுவும் வெளியில தெரியவே தெரியாத ஒரு இடத்துல.

விக்கிறவர் பக்கத்துல "ஃபுல் டேங், பேட்டில் ரெடி"ன்னுதான் போட்டிருந்துச்சு. நானும் நம்பிட்டேன், ஏன்னா ஃபோட்டோவுல பித்தளை வேலைப்பாடு அவ்வளவு அழகு.

சரி, என்ன வாள் செய்றதுன்னு முடிவு பண்ணணும். மருது பாண்டியர் கதை 1801ல நடக்குது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் குதிரைப்படைக்குன்னு ஒரு சேபர் இருக்கு: 1796 மாதிரி லைட் கேவல்ரி சேபர். வளைஞ்ச அலகு, ஒரு பக்கம் மட்டும் கூர், நுனி கிட்ட வரவர அகலமாகி சடார்னு முடியும். கைக்காப்பு ஒரே ஒரு இரும்புப் பட்டை, குதிரைச் சேணத்துல கால் வைக்கிற வளையம் மாதிரி வளைஞ்சு குமிழோட சேரும். இந்த எளிமைதான் எனக்குப் பிடிச்சுது. கூடை மாதிரி பின்னின கைக்காப்பை வீட்டுல செய்ய எனக்குக் கை வராது. ஒரு பட்டையை வளைக்க வரும்.

இதை வடிவமைச்சவர் ஜான் காஸ்பார்ட் லி மார்ஷாங்ங்கிற குதிரைப்படை அதிகாரி. 1793லிருந்து நடந்த ஃபிளாண்டர்ஸ் போர்ல பிரிட்டிஷ் வீரர்களோட வாளும் சரியில்ல, வீச்சும் சரியில்லைன்னு நேர்ல பார்த்தவர். ஆஸ்திரிய அதிகாரி ஒருத்தர் "உங்க ஆளுங்க வாள் வீசுறது விறகு பிளக்குற மாதிரி இருக்கு"ன்னு அவர்கிட்ட கிண்டல் பண்ணினதா ஒரு கதை உண்டு. ஊர் திரும்பினவர் பர்மிங்ஹாம் வாள் செய்பவர் ஹென்றி ஆஸ்பர்னோட சேர்ந்து இந்த அலகை உருவாக்கினார். வாள் பயிற்சிக் கையேடும் அவர் எழுதினதுதான். 1812ல சலமாங்கா போர்ல இறந்துட்டார். பிரஷ்யாக்காரங்க இந்த வாளைப் பார்த்து 1811ல கிட்டத்தட்ட அப்படியே ஒண்ணு செஞ்சுக்கிட்டாங்க. எதிராளி காப்பியடிச்சா டிசைன் நல்லாயிருக்குன்னு அர்த்தம், நம்ம லேப் ரெக்கார்டு மாதிரி.

இதுக்கு ஏறக்குறைய 33 அங்குல அலகு, அதாவது 83 செ.மீ. மொத்த எடை ஒரு கிலோவைச் சுத்தி. இந்த ரெண்டு எண்ணை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

"அலகை வாங்கி கைப்பிடி மட்டும் செய்றதுக்குப் பேரு வாள் செய்றதா?"ன்னு என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனா இதுக்கு நம்ம நாட்டுலயே முன்னுதாரணம் இருக்கு. இந்தியாவுல பணியாற்றின கேப்டன் லூயி நோலன் 1853ல குதிரைப்படை பத்தி ஒரு புத்தகம் எழுதினார். ஹைதராபாத் நிஜாமோட குதிரை வீரர்களோட வாள் வெட்டு பயங்கரமா இருக்கேன்னு விசாரிச்சிருக்கார். அவங்க கையில இருந்தது என்ன தெரியுமா? பிரிட்டிஷ் படை கழிச்சுப்போட்ட பழைய ஆங்கில அலகுகள். அதுக்கு இந்தியக் கைப்பிடி போட்டு, நல்லா தீட்டி, மர உறையில வச்சிருந்தாங்க. சண்டையில தவிர வெளியில எடுக்கிறதில்ல. பிரிட்டிஷ் வீரனோட வாள் இரும்பு உறைக்குள்ள தினமும் உரசி உரசி மழுங்கிப் போகும். அதே அலகு, வேற பிடி, வேற உறை, வேற வாள். ரூம்மேட் அதுக்கப்புறம் பேசல.

அலகையும் நானே அடிச்சிருக்கலாமேன்னா, அதையும் யோசிச்சேன். எங்க ஊர் மானாமதுரை பக்கம். திருப்பாச்சேத்தி அருவா பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அங்க எங்க அப்பாவுக்குப் பழக்கமான பட்டறை ஒண்ணு இருக்கு. லீவுல போய் பெரியவர்கிட்ட கேட்டேன். 83 செ.மீன்னு கையை விரிச்சுக் காட்டினதும் சிரிச்சிட்டார். "தம்பி, என் உலை ஒரு முழத்தைத்தான் ஒரே சீரா காய்ச்சும். நீ கேக்குறது ரெண்டு முழம். ஒரு பக்கம் செவக்கும்போது இன்னொரு பக்கம் கறுத்துடும். தோய்ச்சல் எப்படி ஒழுங்கா ஏறும்?"

இதுல ஒரு முழு யூனிட்டே அடங்கியிருக்கு. இரும்பை 850 டிகிரிக்கு மேல காய்ச்சி எண்ணெயில முக்கினா மார்டென்சைட் ஆகும். கண்ணாடி மாதிரி கடினம், அதே மாதிரி உடையும். அப்புறம் மறுபடி மிதமா சூடு பண்ணினா கடினம் கொஞ்சம் குறைஞ்சு, வளைஞ்சு திரும்புற குணம் வரும். அருவாளுக்கு வாய்ப்பகுதியில மட்டும் தோய்ச்சல் போதும். முதுகு மெதுவா இருந்தா நல்லதுதான், அருவா குட்டை, தடிமன். சேபர் அப்படியில்ல. நீளமா, மெல்லிசா, முழு நீளமும் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யணும். அதுக்கு முழு அலகும் ஒரே சூட்டுல நிக்கிற நீள உலை வேணும். என்கிட்ட இல்ல, பெரியவர்கிட்டயும் இல்ல, நம்ம காலேஜ் ஃபர்னஸ் டிஃபன் பாக்ஸ் சைஸ்.

லாரி ஸ்பிரிங் பட்டையை வச்சு, சூடே காட்டாம கிரைண்டர்ல தேய்ச்சே அலகு எடுக்கலாம்னு நீங்க சொல்லலாம். நானும் சொன்னேன். "பட்டை எந்த லாரியில, எவ்வளவு பாரத்துல, எத்தனை வருஷம் ஓடுச்சோ, யாருக்குத் தெரியும்? உள்ள விரிசல் இருந்தா வெளியில சொல்லாது. அருவாளுக்குன்னா அடிக்கிற அடியிலயே தெரிஞ்சுடும். நீ அடிக்கவே போறதில்லங்கிற"ன்னார் பெரியவர். பறந்த அலகு ஞாபகம் வந்துச்சு. அந்த யோசனையை அங்கயே விட்டுட்டேன்.

ஆக, வாங்கணும். எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

இந்த இடத்துல 1786க்குப் போகலாம். பர்மிங்ஹாம்ல தாமஸ் கில்னு ஒருத்தர் வாள் செஞ்சுட்டிருந்தார். ஆங்கிலேய வாளெல்லாம் மட்டம், ஜெர்மன் வாள்தான் நல்லதுன்னு பேச்சு. கில் விடல, எல்லாத்தையும் சோதிச்சுப் பாருங்கன்னு கேட்டார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக, ஆமா, நம்ம நாடகத்து வில்லன் கம்பெனிதான், சோதனை நடந்துச்சு. 36 அங்குல அலகை ஒரு இயந்திரத்துல வில் மாதிரி வளைச்சு, நுனிக்கும் பிடிக்கும் நடுவுல நேர்தூரம் 29.5 அங்குலமாகிற வரைக்கும் அமுக்குவாங்க. உடையக் கூடாது. கோணிக்கிட்டே நிக்கவும் கூடாது. கில்லோட 2,650 வாள்ல தேறாதது 4. ஜெர்மனியிலிருந்து வந்த 1,400ல 28. மத்த ஆங்கிலேயக் கடைகளோட 2,700 வாள்ல 1,084 தேறல. நூத்துக்கு நாப்பது. நான் ஆன்லைன்ல வாங்கினதும் அந்த நாப்பதுல ஒண்ணுதான், 230 வருஷம் லேட்டா.

அந்த வளைவு எவ்வளவு கஷ்டமான பரிட்சைன்னு கணக்கு போட்டுப் பார்த்தேன். 36 அங்குலம் ஒரே சீரான வட்டவில்லா வளைஞ்சா ஆரம் சுமார் 43 செ.மீ. அலகோட தடிமன் 4 மி.மீன்னா மேற்பரப்புல நீட்சி 0.47 சதவீதம். யங்ஸ் மாடுலஸால பெருக்குங்க, 950 மெகாபாஸ்கல் கிட்ட வருது. மைல்டு ஸ்டீலோட யீல்டு 250. அது உடையாது, ஆனா வளைஞ்சது வளைஞ்சதுதான், நிமிராது. சரியா கடினமாக்கின ஸ்பிரிங் ஸ்டீல் 1,000ஐ சுலபமா தாண்டும், அதனால நிமிர்ந்துடும். ஒரே வடிவம், ஒரே எடை, கண்ணுக்கு ஒரே பளபளப்பு. ஒண்ணு பாஸ், இன்னொண்ணு ஃபெயில். வித்தியாசம் கார்பன் அளவுலயும் உலையிலயும்தான் இருக்கு.

இன்னொண்ணையும் கவனிங்க. பிடி கிட்ட அலகு 9 மி.மீ தடிமன் இருந்தா அதே வளைவுல 2,000 மெகாபாஸ்கலைத் தாண்டும். எந்த வாளும் தேறாது. ஆனா நிஜத்துல அப்படி வளையாது. அலகு பிடிகிட்ட தடிமனா ஆரம்பிச்சு நுனிக்குப் போகப்போக மெலிஞ்சுக்கிட்டே போகும். பழைய 1796 வாள்கள்ல 8, 9 மி.மீல ஆரம்பிச்சு நுனிகிட்ட 2 மி.மீக்கு வந்துடும். தடிமன் பாதியானா விறைப்பு எட்டுல ஒண்ணு. அதனால வளைவு முழுக்க மெலிசான பக்கம் போயிடும், பிடி பக்கம் கம்முனு இருக்கும். இந்த மெலிவு இல்லாத அலகு வாளே இல்லைங்கிறது என் கருத்து. அது வாள் வடிவத்துல வெட்டின தகடு.

மலிவு ரெப்ளிகா எல்லாத்துலயும் இந்த மெலிவுதான் முதல்ல காணாமப் போகுது. காரணம் சிம்பிள்: 5 மி.மீ தகட்டுல லேசர்ல வெட்டி எடுத்தா நிமிஷத்துல வேலை முடிஞ்சுது. மெலிவு கொண்டு வரணும்னா அடிக்கணும், இல்ல மணிக்கணக்குல தேய்க்கணும். அதுக்குக் கூலி உண்டு.

கையில எடுத்தா இது உடனே தெரியும். நல்ல மெலிவு இருக்கிற அலகு வாலோட சேர்த்து 640 கிராம், அதோட ஈர்ப்பு மையம் பிடியிலிருந்து 28 செ.மீ தள்ளின்னு வைங்க. நான் போடப் போற கைக்காப்பும் பிடியும் 320 கிராம், அதோட மையம் 5 செ.மீ பின்னாடி. ரெண்டும் சேர்ந்தா 960 கிராம், மையம் 17 செ.மீல. மெலிவே இல்லாத அலகு 900 கிராம், மையம் 38 செ.மீன்னா? அதே பிடி போட்டா மொத்தம் 1,220 கிராம், மையம் கிட்டத்தட்ட 27 செ.மீல. கால் கிலோதானே கூடன்னு தோணும். ஆனா மேடையில வீசிட்டு நிறுத்தணும்னு நினைக்கிற இடத்துல அது நிக்காது. எதிர்ல நடிக்கிறவன் காதுகிட்ட போய்த்தான் நிக்கும். நல்ல அலகு எவ்வளவு வேகமா நிக்குதுங்கிறதுதான் பாதுகாப்பு.

அப்போ "செயல்படும் வாள்"னா கூர் வச்ச வாள்னு அர்த்தம் இல்ல. இதைப் பலபேர் குழப்பிக்கிறாங்க. எனக்கு வேண்டியது வாய் 2 மி.மீக்கு உருட்டி விட்ட, நுனி மழுங்கின அலகு. கூர் பூஜ்யம். ஆனா எஃகு, தோய்ச்சல், மெலிவு, வால் நாலும் நிஜம். முறிஞ்ச வாள்ல எல்லாம் தலைகீழ்: வாய் கொஞ்சம் கூரா இருந்துச்சு, மத்த எதுவும் நிஜமில்ல.

எஃகு விஷயத்துல எனக்கு விதிச்சுக்கிட்ட விதி: ஸ்டெய்ன்லெஸ்னு போட்டிருந்தா அடுத்த பக்கம். சமையலறைக் கத்திக்கு ஸ்டெய்ன்லெஸ் அருமை. ஆனா கடைகள்ல கிடைக்கிற 420, 440 ரக அலங்கார வாள்கள் அடி வாங்குறதுக்குச் செஞ்சது இல்ல. மெதுவா விட்டிருந்தா வளைஞ்சு நிக்கும், கடினமாக்கியிருந்தா அந்த நீளத்துக்கு உடையும் அபாயம். நம்ம மெட்டீரியல் டெஸ்டிங் லேப்ல முறிஞ்ச துண்டை ராக்வெல்ல வச்சுப் பார்த்தேன், சி அளவுல 22. தோய்ச்சலே போடல. வாளுக்கு 48லிருந்து 52 வரைக்கும் எதிர்பார்ப்பாங்க. நீங்க தேட வேண்டிய பேர்கள் ஈஎன்45, 5160, 1055, 65எம்என் மாதிரி. ஈஎன்45ங்கிறது சிலிக்கான் மாங்கனீஸ் ஸ்பிரிங் ஸ்டீல், நம்ம லாரிப் பட்டை குடும்பம். துருப் பிடிக்கும். வாரம் ஒருதரம் எண்ணெய்த் துணியால துடைக்கணும். அது ஒரு குறை இல்ல, வண்டிச் செயினுக்கு எண்ணெய் விடுறோமே அந்த மாதிரி.

எங்க தேடினேன்? இந்தியாவுல வாள் வேலைக்குப் பேர் போன இடம் டேராடூன். அங்க வின்ட்லாஸ் ஸ்டீல்கிராஃப்ட்ஸ் 1943ல குக்ரி செய்ய ஆரம்பிச்ச நிறுவனம், இப்போ பல நாட்டு ராணுவங்களோட அணிவகுப்பு வாள் வரைக்கும் செய்றாங்க. வடக்கே சின்னச் சின்னப் பட்டறைகளும் இருக்கு, பெரும்பாலும் ஏற்றுமதிக்கு. முழு ரெப்ளிகா வாங்கிக் கைப்பிடியைக் கழட்டலாம், ஆனா காசு கூட, கழட்டும்போது வால் நுனி சேதமாகும். வெறும் அலகு கேட்டா சில பட்டறைகள் தருவாங்க. நிஜப் பழைய வாள் ஒண்ணு யார் வீட்டுப் பரணிலாவது கிடைச்சா தயவுசெஞ்சு தேய்க்காதீங்க, வால்ல கை வைக்காதீங்க. நூறு வருஷத்துக்கு மேலான பொருளுக்கு 1972ல வந்த தொல்பொருள் சட்டமே இருக்கு. சட்டம் இல்லைன்னாலும் மனசு எப்படி வரும்?

சட்டம்னதும் இன்னொண்ணு. ஆயுத விதிகள் 2016ல வாள் பேர் சொல்லியே பட்டியல்ல இருக்கு. 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருக்கிற, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் அல்லாத அலகுகளும் அதே வகை. அரசு அறிவிச்ச பகுதிகள்ல வச்சிருக்க லைசென்ஸ் வேணும். அதனால நான் பணம் கட்டுறதுக்கு முன்னாடி துறைத் தலைவர்கிட்ட கடிதம் வாங்கி, எங்க ஊர் காவல் நிலையத்துல கொடுத்து, கூர் இல்லாத நாடகப் பொருள்னு சொல்லிக் கேட்டேன். எஸ்.ஐ. ரெண்டு தடவை படிச்சார். "நாடகம் முடிஞ்சதும் என்ன பண்ணுவ?"ன்னு கேட்டார். துறை அலமாரியில பூட்டி வைப்போம்னேன். அதையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். ஹாஸ்டலுக்கு மட்டும் கொண்டு போகவே போகாதீங்க. பஸ்ல கொண்டு போறதும் தொல்லை, நான் மரப்பெட்டியில ஆணி அடிச்சு பார்சலா அனுப்பச் சொன்னேன்.

இனி விக்கிறவங்ககிட்ட பேசின கதை. மொத்தம் ஏழு பேருக்கு மெசேஜ் பண்ணேன். எல்லாருக்கும் ஒரே கேள்விகள்: வாலோட ஃபோட்டோ, வெறும் அலகோட எடை, வெர்னியர் வச்சு மூணு இடத்துல தடிமன் (பிடி ஓரம், நடு, நுனிக்கு 5 செ.மீ முன்னாடி), எஃகு பேரு, ஹார்ட்னெஸ். மூணு பேர் பதிலே போடல. ஒருத்தர் "ஃபுல் டேங் சார், நூறு பர்சென்ட் சார்"னு எழுதினார். ஃபோட்டோ அனுப்புங்கன்னேன். "கம்பெனி சீக்ரெட் சார்." அடுத்தவர் அனுப்பின ஃபோட்டோவுல வெல்டு புள்ளி நல்லா தெரிஞ்சுது, கிரைண்டர் போட்டு மறைக்கக்கூட இல்ல. நேர்மையானவர்! உயர் கார்பன் எஃகுல வெல்டு வச்சா ஓரத்துல சூடு பட்ட பகுதி சட்டுனு ஆறி, அதுவே தோய்ச்சல் போட்ட மாதிரி நொறுங்கற நிலைக்குப் போயிடும். முன்சூடு, பின்சூடு எல்லாம் கொடுத்தா தவிர்க்கலாம், ஆனா அதைச் செஞ்சாரான்னு ஃபோட்டோ சொல்லாது. வேண்டாம்னுட்டேன். ஆறாமவர் அலகு எடை 1,050 கிராம்னார். நன்றி, வணக்கம்.

ஏழாமவர் கொஞ்சம் கோபமாத்தான் பதில் போட்டார். "இதுவரைக்கும் யாரும் மூணு இடத்துல தடிமன் கேட்டதில்ல, எதுக்கு?" நடந்ததைச் சொன்னேன், பை கிழிஞ்ச ஃபோட்டோவும் அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு ஒரு வீடியோ வந்துச்சு. வெர்னியர் காட்டுறார்: 8.1, 4.6, 2.3. தராசுல வைக்கிறார்: 655 கிராம். அப்புறம் நான் கேக்காமலே அலகு நுனியை மரக்கட்டையில ஊன்றி அமுக்கி வில்லா வளைச்சு விட்டார். படக்னு நிமிர்ந்துச்சு. தாமஸ் கில் பேரை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்னு நினைக்கிறேன், ஆனா பரிட்சை அதேதான்.

பார்சல் வந்ததும் நானும் சோதிச்சேன். லேப்ல வாலோட ஓரத்துலயும் (அது எப்படியும் கைப்பிடிக்குள்ள மறையும்) முதுகுலயும் ராக்வெல் குத்திப் பார்த்தேன். முதுகு 49. வால் 38, வால் கொஞ்சம் மெதுவா இருக்கிறதுதான் நல்லது. ஊருக்குப் போனப்போ பட்டறைப் பெரியவர்கிட்ட காட்டினேன். ரெண்டு விரல்ல தொங்கவிட்டு, சுத்தியல் காம்பால தட்டி, காதுகிட்ட வச்சுக் கேட்டார். கணீர்னு நீளமா இழுத்துச்சு. "விரிசல் இல்ல"ன்னார். அப்புறம் வால் ஆரம்பிக்கிற மூலையை நகத்தால தடவிட்டு, "இது என்ன இப்படி சதுரமா வெட்டி வச்சிருக்கான்?"னு கேட்டார்.

அவ்வளவு கேள்வி கேட்ட நான் இதை மட்டும் கவனிக்கல. அலகு முடிஞ்சு வால் ஆரம்பிக்கிற இடத்துல ரெண்டு பக்கமும் தொண்ணூறு டிகிரி மூலை. ஸ்ட்ரெஸ் கான்சன்ட்ரேஷன்னு ரெண்டு மார்க் கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதியிருப்பேன்! விரிசல் பிறக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. பெரியவர் உருட்டு அரம் ஒண்ணைக் கொடுத்து அவர் கண் முன்னாடியே தேய்க்கச் சொன்னார். கிரைண்டர் வேண்டாம், சூடேறினா தோய்ச்சல் போயிடும்னார். மூலை ஒவ்வொண்ணும் 3 மி.மீ ஆரத்துக்கு உருண்டையாக ஒன்றரை மணி நேரம் ஆச்சு. கை கொப்புளிச்சுது. கைக்காப்போட துளையையும் அந்த உருட்டுக்கு ஏத்த மாதிரி ஓரம் வளைச்சுத் தேய்க்கணும், இல்லைன்னா கைக்காப்பு அலகு தோள்ல ஒட்டி உட்காராது.

இப்போ வேலை எந்த நிலையில இருக்குன்னா, கைக்காப்புப் பட்டையை வளைச்சாச்சு. கைப்பிடிக்குப் பூவரசு, ரெண்டா பிளந்து வாலுக்கு ஏத்தபடி குடைஞ்சிருக்கேன், இன்னும் காயணும். முதுகுப் பட்டையோட ரெண்டு காது வழியா மரத்தையும் வாலையும் துளைச்சு ஒரு குறுக்காணி, அப்புறம் வால் நுனி பின்னாடி வெளியில வந்து, தட்டி விரிச்சு ரிவிட் மாதிரி முடியும். பழைய 1796லயும் அப்படித்தான். திருகு இல்ல, நட்டு இல்ல.

ஒத்திகை அடுத்த மாசம் ஆரம்பிக்குது. பை கிழிஞ்ச தங்கச்சி இந்த வருஷம் வேலு நாச்சியாரோட ஆவியா ஒரு காட்சியில வர்றா, அந்தச் சேபருக்கு எதிர்ல நிக்கணும். முழுசா மாட்டி முடிச்சதும் வாலோட ஃபோட்டோவைத் தனக்கு அனுப்பணும்னு கண்டிஷன் போட்டிருக்கா. மாட்டினப்புறம் வால் தெரியாதுன்னேன். "அப்போ மாட்டுறதுக்கு முன்னாடி அனுப்புங்கண்ணா"ன்னா. நேத்து அனுப்பிட்டேன், பக்கத்துல வெர்னியர் வச்சு.